கோசலாவின் முதல் நிரை

‘தளர்ந்துபோச்சு’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கயிறு தளர்ந்தால் இழுத்துக் கட்டலாம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆள் தளர்ந்துவிட்டாள் என்று பேர் விழுந்தால், கொழுந்து பறிக்கும் கூட்டத்திலிருந்து எடுத்துப் புல் பிடுங்கப் போட்டுவிடுவார்கள். அது ஒரே நாளில் வருவதில்லை. இந்த மாதம் ஒரு கிலோ, அடுத்த மாதம் ஒரு கிலோ என்று குறையும். ஆளுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டுக் கோசலாவுக்கு ஐம்பத்தொரு வயதில் அந்தப் பேர் விழுந்தது. பத்தொன்பது வருஷம் மலையில் முதல் நிரை பிடித்து, எல்லாருக்கும் முன் வரிசையில் கொழுந்து பறித்தவள். கெட்டிக்காரிக்குத்தான் முதல் நிரை கொடுப்பார்கள். காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும்போது, எல்லார் முன்னாலும் எங்களை வேலை வாங்கும் கண்டாக்கு பிரதாப் சொன்னார்:

“கை தளந்துபோச்சு கோசலா. கொழுந்துல முத்தல் எலையும் கெடக்கு. ஒண்ணாந் தேதியில இருந்து புல்லுக்குப் போங்க.”

அவளும் நம்பிவிட்டாள். கைக்கு எண்ணெய் தேய்த்துத் தேய்த்து அழுதாள்.

அந்த வாரமே அவள் புருஷன் வடிவேல் சோற்றில் கல்லைக் கடித்துவிட்டுக் கத்தினார். நான் போய் அவள் பொறுக்கி வைத்த அரிசியைப் பார்த்தேன். கல் அப்படியே கிடந்தது.

“அக்கா, இது தெரியுதா?”

“எதுடி?”

“ஒங்க கை நல்லாத்தான் இருக்கு. கண்ணுதான் தளந்திருக்கு!”

மலையில் கண்ணாடி போட்ட பெண்ணை நாங்கள் கண்டதே இல்லை. அதனால்தான் இத்தனை நாள் எங்கள் புத்தியிலும் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளை ஹட்டன் டவுனுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கண்ணைக் காட்டினேன். ஒண்ணாந் தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. கண்ணாடி கைக்கு வந்த மறுநாள், அதை நூலால் கட்டிக்கொண்டு மலையேறினாள்.

“டீச்சரம்மா வர்றாங்க!” என்று கூட்டமே சிரித்தது.

கோசலா கூடையை மாட்டிக்கொண்டு நிரையில் இறங்கினாள். மத்தியானத்துக்குள் சிரித்தவர்களை எல்லாம் பின்னால் விட்டுவிட்டாள். சாயங்காலம் பிரதாப் அவள் கொழுந்தைக் கொட்டிக் கிளறிப் பார்த்தார். ஒரு முத்தல் இல்லை. நிறுத்தால், அன்றைக்கு அவளுடையதுதான் அதிகம். அவர் தம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் தராசைப் பார்த்தார்.

“நாளைக்கு முத நிரை நீங்கதான்” என்றார்.

“சரிங்க ஐயா. இனிமே யாரையும் விசாரிக்காமப் பேர் வைக்காதீங்க” என்றாள், கூட்டம் முழுக்கக் கேட்க.

அடுத்த ஞாயிறு ஹட்டன் பஸ்ஸில் கோசலாவோடு ஆறு பேர் ஏறினோம். நாலு பேர் ஏற்கெனவே புல்லுக்கு அனுப்பப்பட்டவர்கள்.