ஏழுமலை அண்ணனும் என் பெரிய டயர் வண்டியும்

ஏழுமலை அண்ணன் போய்விட்டார். நெஞ்சுவலியாம்... காலையில் எங்கள் ஃபோர்வீல் வண்டிக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார்கள்.

கூட்டேரிப்பட்டு மெக்கானிக் ஏழுமலை. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் ஜீப்போ பிக்கப்போ வைத்திருக்கிற யாருக்கும் அவரைத் தெரியும்.

குரூப் முழுக்கக் கும்பிடு எமோஜி. "தங்கமான மனுஷன்" என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். நானும் டைப் செய்து பார்த்தேன். 'தங்க' வரைக்கும்தான் விரல் போனது.

செத்தவரைப் பற்றிக் குறை பேசக் கூடாதுதான். ஆனால் என் கோபம் அவரோடு சேர்ந்து போகவில்லையே... என்ன செய்ய?

நான் கோட்டக்குப்பத்துக்காரன். பல வருஷம் கல்ஃபில் டிரைவர் வேலை. மணல் மேட்டில் கம்பெனியின் பெரிய டயர் வண்டிகளை ஓட்டி ஓட்டி, ஊர் திரும்பினால் சொந்தமாக அப்படி ஒன்று வேண்டும் என்று ஒரே ஆசை. பழைய ஃபோர்வீல் டிரைவ் பிக்கப் ஒன்றை வாங்கிக்கொண்டு, பெரிய டயர் மாட்ட நேராக ஏழுமலை அண்ணனிடம்தான் போனேன்.

"டயர் மாட்றது பெரிய விஷயம் இல்ல பாய். மாட்டினப்புறம் அது எங்கியும் ஒரசக் கூடாது. அதான் வேலையே. நீங்க வண்டிய வுட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவர் டெஸ்ட் பண்ணுகிற விதமே தனி. வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பை எடுத்து டயர் ஓரமெல்லாம் தடவுவார். முன்சக்கரம் ஒன்றைக் கல் குவியல்மேல் ஏற்றி, வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங்கான கமான் பட்டை நன்றாக அமுங்கும்படி நிறுத்தி, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடிக்கச் சொல்வார். மட்கார்டுக்குள் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ, அங்கே டயர் உரசுகிறது என்று அர்த்தம்.

என் வண்டியில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

"பாருங்க பாய், சுத்தமா கீது" என்று டார்ச் அடித்துக் காட்டினார். சந்தோஷத்தில் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். என் சட்டையெல்லாம் சுண்ணாம்பு.

ஆனால் அன்றிலிருந்து வண்டி திரும்ப மாட்டேன் என்றது. மற்ற வண்டிகள் அலுங்காமல் திரும்புகிற இடத்தில் நான் முன்னும் பின்னுமாக அல்லாட வேண்டும்.

கிளியனூரில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் நான் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட, பின்னால் வரிசையாக ஹாரன். என் மனைவி கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். "ஏங்க, நான் போய் பிரியாணி சாப்ட்டு வர்றேன். அதுக்குள்ள நீங்க திருப்பிக்கினு இருங்க."

ஓமந்தூர் பக்கம் ஏரிச் சேற்றில் குரூப் வண்டிகளெல்லாம் வளைந்து போக, நான் மட்டும் நேராக முள் புதருக்குள். அதோடு எனக்கு 'பஸ் டிரைவர்' என்று பேரும் வைத்துவிட்டார்கள்.

ஒவ்வொரு தடவையும் அவரிடம்தான் கொண்டு போனேன். ஒவ்வொரு தடவையும் அடியில் குனிந்து பார்த்துவிட்டு ஒரே பதில்தான்.

"வண்டியோட ஜாதகம் அது பாய். பெரிய டயர் போட்டா இந்த சேஸிஸ் அவ்ளோதான் வளையும். பேஜாரா இருந்தா குடுத்துருங்க, நானே ஆள் பாக்கறேன்."

மறுபடி சின்ன டயர் போட்டு ஓட்ட எனக்கு மனசு வரவில்லை. அவர் பேச்சை நம்பி விற்றேன். அவர் பார்த்த ஆள் வேறு யாரும் இல்லை, அவருடைய மச்சான்தான். அன்றைக்கு பஸ்ஸில்தான் வீடு வந்து சேர்ந்தேன்.

சில மாதம் கழித்து கூட்டேரிப்பட்டு பாலத்தடியில் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். என் வண்டி வருகிறது. அதே டயர். ஸ்டியரிங்கை ஒரே ஒடிப்பாக ஒடித்து, யூ டர்ன் போட்டு, என் முன்னாலேயே வந்து நின்றது.

மச்சான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "ராசியான வண்டி குடுத்தீங்க பாய்!"

எப்படித் திரும்புகிறது என்று கேட்டேன். பாவம், அவர் மனசில் கள்ளம் இல்லை.

"உங்ககிட்ட இருக்க சொல்ல மாமா ஸ்டியரிங் ஸ்டாப்பர் போல்ட்டை வெளிய தள்ளி வெச்சிருந்தாராம். சக்கரம் முழுசா ஒடியாது, அதனால ஒரசாது. எனக்கு அதை உள்ள தள்ளிட்டு, கமானுக்கு அடியில கட்டை குடுத்துத் தூக்கி, மட்கார்டையும் தட்டி வுட்டாரு. ஒரு நாள் வேலைதான் பாய்."

சக்கரத்தைத் திரும்பவே விடாமல் பூட்டி வைத்துவிட்டு, எங்கேயும் உரசவில்லை என்று எனக்கு டார்ச் அடித்துக் காட்டியிருக்கிறார். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே... அதுதான். வேலைக்குச் சோம்பலா, இல்லை முதல் நாளே வண்டி மேல் கண்ணா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

நேராக ஷெட்டுக்குப் போனேன். ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது.

"ஏழுமலைண்ணே... ஸ்டாப்பர் போல்ட்டைப் பத்தி உங்க மச்சான் சொன்னாரு" என்றேன்.

ஸ்பானர் சத்தம் நின்றது. அடியிலிருந்து குரல்.

"டீ சொல்லட்டுமா பாய்?"

அவ்வளவுதான். வெளியே வரவில்லை. நானும் அந்தப் பக்கம் அப்புறம் போகவில்லை.

இன்றைக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை.

அவரை ஏற்றிக்கொண்டு போனது என் வண்டிதான். பானெட் மேல் மாலை, ஸ்டியரிங்கில் மச்சான். சுடுகாட்டுக்குப் போகிற சந்தில் ஒரு மோட்டார் கொட்டகை ஓரம் ஒடுக்கமான திருப்பம். "ரிவர்ஸ் எடுப்பா, திரும்பாது, திரும்பாது!" என்று கூட்டம் கத்துகிறது.

நான் முன்சக்கரத்தை ஒட்டி நடந்துகொண்டிருந்தேன். சக்கரம் ஒரு மேட்டில் ஏறியது, கமான் அமுங்கியது, மச்சான் ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்தார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். எங்கேயும் ஒரு உரசல் இல்லை. ஒரே மூச்சில் திரும்பிப் போய்விட்டது.

நல்ல வேலைண்ணே... அதை எனக்குச் செய்து கொடுத்திருக்கலாமே.

போய் வாங்க.