நாற்பத்தொரு விநாடி

வெட்டவேண்டிய இடத்தில் பெரியவர் விரலைச் சொடுக்குகிறார். திரையில், ஒரு தொழிற்சாலைப் பாதுகாப்புப் படத்துக்காகத் தீயணைப்புக் கருவியைப் பிடித்திருக்கும் தொழிலாளி, முடிந்ததா என்று கேட்பதுபோல் கேமரா பக்கம் திரும்பப் போகிறார். அதற்குள் காட்சி வெட்டுப்பட்டுவிடுகிறது. "நடிக்கிறவன் நடிப்பை விட்டுட்டு வெறும் ஆளா மாறுற நொடி ஒண்ணு இருக்கு பாருங்க, அதைக் காட்டக் கூடாது. அசிங்கம்," என்கிறார் பெரியவர்.

அந்தப் படத்தொகுப்புக் கூடத்தில் இரண்டு எடிட்டர்கள். ஐம்பத்தெட்டு வயதான இவர் பெரியவர். பிளைவுட் தடுப்புக்கு அந்தப்புறம் வேலை செய்பவர் சின்னவர், இவருடைய மனைவியின் தம்பி. பெரியவர் டீயை ஆறவைத்துத்தான் குடிப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலை நாற்காலியின்மேல் மடக்கி வைத்துக்கொண்டால்தான் அவருக்கு வேலை ஓடும். பிறர் பேச்சு நீண்டால் மேசைக்கடியில் சொடுக்குச் சத்தம் கேட்கும். மனைவிக்கு அது பழகிவிட்டது. "என்னை வெட்டியாச்சா? சரி, அடுத்த சீனுக்குப் போங்க."

இருபது வருடங்களுக்கு முன் இவர் தொகுத்த ஒரு நகைச்சுவைப் படம் சக்கைப்போடு போட்டது. தனக்கு வேலையே தராத ஓர் அலுவலகத்துக்குத் தினமும் போய் உட்கார்ந்து, பதவி உயர்வுவரை வாங்கிவிடும் ஒருவனின் கதை. எட்டு வருடம் கழித்து இரண்டாம் பாகம் எடுத்தபோது இயக்குநர், புதுக் கை வேண்டும் என்று அதைச் சின்னவரிடம் கொடுத்தார். "என் வீட்டுக்குள்ளயே அவருக்குப் புதுக் கை கிடைச்சுது," என்று இன்றும் சொல்கிறார் பெரியவர்.

இரண்டாம் பாகம் ஓடவில்லை. அதில் அந்த ஆள் தன் இல்லாத வேலையிலிருந்து ஓய்வுபெறுகிறார். வழியனுப்பு விழா மேடையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். பாராட்டிப் பேச யாரும் வரவில்லை. படப்பிடிப்பில் இயக்குநர் 'கட்' சொன்னது நடிகரின் காதில் விழவில்லை. அவர் புன்னகையோடு அப்படியே இருக்கிறார். புன்னகை மெல்லத் தளர்கிறது. பாதி எழுகிறார், மறுபடி உட்காருகிறார். யாரையோ கேட்கலாமா என்று பார்க்கிறார். நாற்பத்தொரு விநாடி. படத்தில் அது வெட்டப்படாமல் இருக்கிறது. அன்று தியேட்டர்களில் "மெஷின் மாட்டிக்கிச்சா?" என்று கத்தினார்கள். இன்று பார்க்கும்போது தோன்றுகிறது: முதல் பாகம் சிரிக்கவேண்டிய இடத்தைத் தோளைத் தட்டிக் காட்டுகிறது. இரண்டாம் பாகம் நம்மை அந்த மேடைக்கு எதிரே உட்காரவைத்துவிட்டுப் போய்விடுகிறது. முப்பதாவது விநாடியில் வரும் சிரிப்புக்கு நாம்தான் பொறுப்பு.

இதுபற்றிப் பெரியவர் எல்லோரிடமும் சொல்லிவந்தது ஒன்றே. "ஷாட்டோட வாலை வெட்ட மறந்துட்டான். தெரியாம விட்டது." அந்தப் பேச்சு தொழில்வட்டாரத்தில் ஒட்டிக்கொண்டது. வெட்ட மறந்தவனை நம்பி யார் படம் கொடுப்பார்கள்? பன்னிரண்டு வருடமாகச் சின்னவர் மெத்தை விளம்பரங்களும் பள்ளி ஆண்டுவிழாக்களும் தொகுக்கிறார். கேட்டால், "அத்தான் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று மழுப்புவார்.

போன மாதம் ஒரு திரைப்படச் சங்கம் இரண்டாம் பாகத்தைத் திரையிட்டது. பெரியவர் தலைவலி என்று சொல்லிப் பார்த்தார், மனைவி விடவில்லை. "என் தம்பி படம்னாலே உங்களுக்குத் தலைவலி வந்துடும். மாத்திரையைப் போட்டுட்டுக் கிளம்புங்க."

பிற்பகல் காட்சி. அரங்கு நிறைந்திருந்தது. அந்த இடம் வந்தபோது பின்வரிசையில் பொடியாகக் கிளம்பிய சிரிப்பு, அடங்காமல் முன்வரிசைவரை வந்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "என் படத்துக்கு இப்படி யாரும் சிரிக்கல," என்றார், மனைவிமேல் குற்றம் சொல்வதுபோல.

விளக்குகள் எரிந்தன. சங்கச் செயலாளரான பல் டாக்டரம்மா மைக்கை நீட்டினார். "சார், இது தெரியாம விட்ட தப்புன்னு நீங்க ஒரு பேட்டியில சொல்லியிருக்கீங்க. நிஜமா?"

முன்வரிசையில் சின்னவர் திரும்பவில்லை.

"எனக்குப் போட்டுக் காட்டினான்," என்றார் பெரியவர். "ரிலீசுக்கு ஒரு மாசம் முன்னாடி. வயிறு வலிக்கச் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சுட்டு, வெட்டிடுன்னேன். மாட்டேன்னுட்டான்." மைக்கை வேறு கைக்கு மாற்றிக்கொண்டார். "மறக்கல அவன். எனக்குத்தான் வயித்தெரிச்சல். இப்பவும் இருக்கு."

சின்னவர் எழுந்தார். "அத்தான், விடுங்க. எப்பவோ நடந்தது."

"நீ உக்காரு மாப்ள. டாக்டரம்மா, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடச் சொல்லுங்க."

விளக்குகள் அணைந்தன. பெரியவர் தன் இருக்கைக்குத் திரும்பவில்லை. இருட்டில் தடவித் தடவித் திரைக்குக் கீழே போய், அதற்கு முதுகைக் காட்டி நின்று, சிரிப்பு எப்போது வருகிறது என்று எதிரே இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார்.