முருங்கைக்குப் பின்னால் ஒரு கதவு

என் பெண்டாட்டி விண்ணரசி யாரையும் லேசில் நம்ப மாட்டாள். மன்னார்குடியில் எங்கள் கடையில் அவள் கம்ப்யூட்டரில் ஆட்டோகேட் போட்டு வீடு வரைவாள். அளவெடுப்பதும் மெயில் அனுப்புவதும் என் வேலை. வளைகுடாவுக்குப் போனவர்கள் எல்லாம் ஊரில் வீடு எழுப்பிய காலம் அது. இன்டர்நெட்டில் கிடைக்கும் மரப் படங்களைக்கூட அவள் சேர்க்க மாட்டாள். "எந்த ஊருல வாசல்ல பைன் மரம் நிக்குது?" என்று எரிந்து விழுவாள். தென்னை, வாழை, முருங்கை என்று தானே போட்டோ எடுத்து, பின்னணியை இலை இலையாக அழித்து வைத்திருந்தாள்.

அழித்தால் மட்டும் போதாது. வரைபடத்தில் வைத்த பிறகு ஒவ்வொரு படத்துக்கும் டிரான்ஸ்பரன்ஸியை ஆன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மரத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டம் விழுந்து, பின்னால் இருக்கும் சுவரையும் ஜன்னலையும் மறைத்துவிடும். இதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை. நான்தான் மறப்பேன், வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

எங்களிடம் வீடு வரையக் கொடுத்த வைரக்கண்ணு குவைத்தில் டிரைவர்; சந்தேகப்படுவதில் இவளுக்கே அண்ணன். "தெருப் பக்கம் ஒரே வாசல்தான் சார். நான் ஊர்ல இல்ல, கண்டவன் வந்து போகக் கூடாது. பிளான் எல்லாம் எனக்குப் புரியாது, முன்பக்கப் படத்தை மட்டும் அனுப்புங்க" என்றார். அவர் மனைவி தங்கமணி நன்றாகத் தைப்பாள். ஓர அறைக்குத் தெருவைப் பார்த்து ஒரு கதவு, உள்ளே ஒரு மெஷின், ஜாக்கெட் தைக்க வரும் பெண்கள், இவ்வளவுதான் அவள் ஆசை. அவர் கூடவே கூடாது என்றுவிட்டார்.

அஸ்திவாரம் முடிந்து ஒருநாள் காலையில், நான் அனுப்பியிருந்த முன்பக்கப் படத்தைப் பார்த்துவிட்டு வைரக்கண்ணு போன் செய்தார்.

"சார், முருங்கையைச் சுத்தி மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு? தென்னைக்கு இலை இடுக்குல சுவர் தெரியுதே. இதுக்குப் பின்னாடி எதை மறைக்கிறீங்க?"

நான்தான் மறந்துவிட்டேன் என்று நினைத்தேன். "சரி பண்ணி அனுப்புறேங்க" என்று போனை வைத்துவிட்டு ஃபைலைத் திறந்து ஆன் செய்தேன். முருங்கை இலைகளுக்கு நடுவே, படியோடு ஒரு கதவு நின்றது.

மாதாவே!

"இது யாரு வேலை?" என்று கத்தினேன்.

"என் வேலைதான். தங்கமணி கேட்டா, வரைஞ்சேன்" என்றாள் விண்ணரசி, டீயை ஆற்றிக்கொண்டே.

"மறைக்கிறதுதான் மறைச்சே, அடர்த்தியா ஒரு மாமரத்தைப் போட்டுத் தொலைச்சிருக்கலாமே?"

"அங்க நிக்கிறது முருங்கைங்க. இல்லாத மரத்தைப் போட்டு நான் பொய் சொல்ல மாட்டேன்."

நியாயத்தைப் பாருங்கள்! எனக்கு ஆத்திரமாக வந்தது. இன்னும் எந்தெந்த வீட்டு மரத்துக்குப் பின்னால் என்னென்ன வைத்திருக்கிறாளோ என்று பயமாகவும் இருந்தது. கொத்தனாரிடம் சொல்லி அந்தக் கதவைத் தடுக்க வண்டிச் சாவியை எடுத்தேன்.

அப்போது தங்கமணி உள்ளே வந்தாள். கையெல்லாம் மஞ்சள்.

"அக்கா, பூஜை முடிஞ்சுது. வாசலுக்கும் ஓர அறைக்கும் ரெண்டு கதவு நிலையும் வெச்சாச்சு."

சாவியைக் கீழே வைத்துவிட்டேன். மஞ்சள் குங்குமம் வைத்து நிறுத்திய நிலையைப் பிடுங்க இந்தப் பக்கத்தில் எவனுக்கும் மனசு வராது. நல்ல நேரம் பார்க்காமல் பெட்டியைக்கூடத் தூக்காத வைரக்கண்ணுவுக்கு வரவே வராது. இதற்காகத்தான் இரண்டு பேரும் காத்திருந்திருக்கிறார்கள்.

"இப்ப அனுப்புங்க" என்றாள் விண்ணரசி.

அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. தங்கமணிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அந்த நிலைக்கு மஞ்சள் பூசியாச்சா சார்?"

"பூசியாச்சுங்க."

பிறகு, "அவ அங்கதான் இருப்பா. குடுங்க" என்றார்.

தங்கமணி போனை வாங்கிக் காதில் வைத்தாள். அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. அவள் அழவில்லை.

"நீங்கதாங்க ஊர்ல இல்ல" என்றாள். "நான் இருக்கேன்ல?"

சத்தம் நின்றது. அப்புறம் அவர் ஏதோ சொன்னார். அவள் சரி சரி என்று கேட்டுக்கொண்டு போனை என்னிடம் நீட்டினாள்.

"என்ன சொன்னாரு?"

"அந்தக் கதவுக்கு உள் தாழ்ப்பாள் ரெண்டு போடணுமாம்."

போட்டாள். பகலெல்லாம் இரண்டும் திறந்தேதான் இருக்கின்றன.