கரையாமல் வந்த மாத்திரைகள்

மிளகு பறிக்க ஏணியில் நின்றபோதுதான் முதல்முறை வயிற்றுப்போக்கை அடக்க முடியாமல் போனது. இறங்குவதற்குள் சேலை நனைந்துவிட்டது. பார்த்தால் இரத்தம்.

மலையிலிருந்து இறங்கிப் போன என்னை நாமக்கல்லில் குழாய் விட்டுப் பார்த்து, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலின் உள்சுவர் புண்ணாகும் நோய்) என்றார் டாக்டர். புண் ஆறாவிட்டால் குடலையே எடுக்க வேண்டிவரும் என்றார். அவர் எழுதித் தந்த மாத்திரையின் பூச்சு, கொத்தவரை விதைப் பிசினைப் பக்குவம் மாற்றிச் செய்தது.

"இரைப்பையில இது கரையாதும்மா. பெருங்குடல்ல இருக்கிற நல்ல கிருமிங்க பூச்சைத் தின்னாத்தான் மருந்து வெளிய வரும். புண்ணு இருக்கிற இடத்துலயே வேலை செய்யும்."

கொத்தவரையில் என்ன பெரிய மருந்து என்று நினைத்துக்கொண்டே தலையாட்டினேன். அவ்வளவு திமிர்.

போக்கு உடனே நிற்கவில்லை. என் வீட்டுக்காரர் மலைமேல் இருக்கும் சோளக்காடு சந்தைக்குப் போகும்போதெல்லாம் அங்கிருந்த மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் (கிருமிகளைக் கொல்லும் மருந்து) வாங்கி வந்தார். "இதையும் போட்டுக்க புள்ள, சீக்கிரம் நிக்கும்" என்பார். அவர்மேல் பழி இல்லை. விழுங்கியவள் நான். அந்த வயிற்றோடு அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் கடந்து மலை இறங்கி டாக்டரைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

பிறகு டாக்டரின் மாத்திரை மலத்தோடு முழுசாக வெளியே வரத் தொடங்கியது. மாத்திரை தீர்ந்து ஒருமுறை எப்படியோ டாக்டரிடம் போனபோதும், ஓர் ஆணிடம் இதை எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன். நான்கு மாதம்.

இரத்தம் குறைந்து மயங்கி விழுந்து, ஆம்புலன்சில் கொண்டுபோன பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பூச்சைத் திங்கிற கிருமியையும் சேத்துக் கொன்னிருக்கும்மா அந்த ஆன்டிபயாட்டிக். மாத்திரை முழுசா வந்தப்பவே சொல்லியிருந்தா வேற மருந்துக்கு மாத்தியிருப்பேனே. இனிக் குடலை எடுத்துத்தான் ஆகணும்."

"மாத்தியிருந்தா குடல் தப்பிச்சிருக்குங்களா?"

"அதை இப்பச் சொல்ல முடியாதும்மா."

ஆமாம் என்றிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பேன். இரண்டும் இல்லாமல் கிடக்கிறேன்.

பெருங்குடலை எடுத்துவிட்டார்கள். வயிற்றில் இப்போது ஸ்டோமா (சிறுகுடலை வெளியே கொண்டுவந்து வைத்த வாய்), அதன்மேல் ஒரு பை. குனிந்து மரவள்ளிக் கிழங்கு பிடுங்க முடிவதில்லை. இனி முடியும் என்றும் தோன்றவில்லை. இதே நோயோடு இதைப் படிக்கிறவர்களுக்குத் தர என்னிடம் ஆறுதல் இல்லை. கழிவறையில் கண்டதைக் கூசாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

வயிறு இப்போது என்னை அவசரப்படுத்துவதில்லை. பை நிறைகிறது, காலி செய்கிறேன், மறுபடி நிறைகிறது. காலைக்கடன் என்பதெல்லாம் இனி மற்றவர்களுக்கு.

"வயிறு எப்படி இருக்குது புள்ள?" என்று அவர் கேட்கிறார்.

"இருங்க, பாத்துத்தான் சொல்லோணும்" என்று சேலையை விலக்கிப் பையைப் பார்க்கிறேன்.