சிரிப்பு வராத கொரியப் படம்

செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. பெற்றோல் ஸ்டேஷனில் ஆறு நாள் நின்றுவிட்டு ஏழாம் நாள் என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கிற ஆட்களில் நானும் ஒருவன். கோலியர்ஸ் வுட்டில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் இருக்கிறேன். ஒரு கட்டில், ஒரு மேசை, மீன் பொரிக்க வேண்டாம் என்று வீட்டுக்கார அண்ணை கதவில் ஒட்டிவைத்த கடுதாசி. போன மாதம் அப்படியொரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், போனைத் தேநீர்க் கோப்பையில் சாய்த்துவைத்து அந்தக் கொரியப் படத்தைப் பார்த்தேன்.

கொரியப் படத்தில் எனக்கு ஒரு நாட்டமும் கிடையாது. நாட்டமெல்லாம் என் மகளுக்கு. அவளுக்குப் பதினாறு வயது. வவுனியாவில் தாயோடு இருக்கிறாள். கிழமைக்கு ஒருமுறை, ரியூஷன் முடிந்து வந்து, வீடியோவில் என்னோடு பேசுவாள். பேசுவாள் என்று சொல்வதே கொஞ்சம் கூடுதல். "படிப்பு எப்பிடி?" "பரவாயில்லை." "அங்கை குளிரோ?" "ஓம்." நாலு நிமிடத்தில் இரண்டு பேருக்கும் கையிருப்புத் தீர்ந்துவிடும். நான் கடைசியாக அவளைத் தூக்கியபோது அவளுக்குப் பல்கூட முளைத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு எல்லாம் போனில் பார்த்ததுதான்.

ஒருநாள் வேறு கதை இல்லாமல், அவள் பார்க்கிற கொரியப் படங்களைப் பற்றிக் கேட்டேன். குரலே மாறிவிட்டது. அன்றிலிருந்து அதையே பிடித்துக்கொண்டேன். முன்கிழமை ஒரு லிங்க் அனுப்பி, "இதைப் பாருங்கோ அப்பா, பாத்திட்டு எப்பிடியெண்டு சொல்லுங்கோ" என்றாள். நான் சோதனைக்குப் படிக்கிறவன் மாதிரி உட்கார்ந்தேன். அந்த நாலு நிமிடம் பத்து நிமிடம் ஆக வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

படம் படு மோசம். பதினேழு வயதுப் பெடியன் ஒருவன், தகப்பனின் நூடில்ஸ் கடையில் எடுபிடி. ஒருநாள் காலையில் அவனுடைய பழைய காதலி ஒரு குழந்தையைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு ஓடிவிடுகிறாள். தகப்பனுக்குத் தெரியக்கூடாதென்று, கடையின் பின்னறையில் முட்டைக்கோவாப் பெட்டிகளுக்கு நடுவில் குழந்தையை ஒளித்துவைக்கிறான். குழந்தை அழுதால் பூனை என்கிறான். சாப்பிட வந்தவர்கள் கேட்டாலும் பூனை, போலீஸ்காரன் கேட்டாலும் பூனை. இதற்கு ஒவ்வொரு தடவையும் நாங்கள் சிரிக்க வேண்டுமாம். அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வராது, பசியிலே குரல் அடைக்காது. கடைசியில் தகப்பன் கண்டுபிடிக்கிறார், ஒரு அறை விடுகிறார், பிறகு கட்டிப்பிடிக்கிறார். எல்லாரும் ஒரே மேசையில் நூடில்ஸ் சாப்பிடுகிறார்கள். குழந்தை "அப்பா" என்கிறது. கொரியனிலும் அது அப்பாதான் என்று சொல்லிப் பெருமைப்படாத தமிழன் லண்டனில் இல்லை. எனக்குப் பெருமை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

கலியாணம் கட்டினபோது எனக்கும் அந்தப் பெடியனின் வயதுதான். வன்னியில் இயக்கம் வீட்டுக்கு ஒருவர் என்று சண்டைக்கு ஆள் எடுத்த காலம். கலியாணம் கட்டினவர்களை விட்டுவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. உடனே பெற்றோர் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கட்டிவைக்கத் தொடங்கினார்கள். பதினேழு வயதில், என் வகுப்பில் படித்த பெட்டைக்கு, பதுங்குகுழிக்குப் பக்கத்தில் நின்று மஞ்சள் கயிறு கட்டினேன். சண்டை முடிந்து முகாமில் இருந்தபோது மகள் பிறந்தாள். அடுத்த வருடம் நான் லண்டனுக்கு வந்து இறங்கினேன். பத்தொன்பது வயது, ஆனால் எலும்பும் தோலும்.

அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரர் சொல்லித்தான் விட்டார்: "வயசைக் குறைச்சுச் சொல்லு. கலியாணம் கட்டேல்லை எண்டு சொல்லு. சின்னப் பெடியனைத் திருப்பி அனுப்பமாட்டாங்கள்." அவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அகதி விசாரணையில் மனைவி இருக்கிறாவா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பிள்ளைகள்? இல்லை. மொழிபெயர்க்க வந்தவர் என் முகத்தைப் பார்க்காமலே அதை ஆங்கிலத்தில் சொன்னார்.

விசா கிடைத்த பிறகு, அவர்களைக் கூப்பிடலாம் என்று லோயரிடம் போனேன். "அண்டைக்கு இல்லாத பிள்ளை இண்டைக்கு எங்கையிருந்து வந்தது எண்டு கேப்பினம் தம்பி. கிளறினா உங்கடை கேஸும் கவிண்டிடும்," என்றார். பயந்துபோய் எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பயம் என்னை விட்டு இன்னும் போகவில்லை. மனைவி எட்டு வருடம் பார்த்தாள், பிறகு வேறு கலியாணம் செய்துகொண்டாள். அவளைப் பிழை சொல்ல எனக்கு வாய் இல்லை. பிள்ளைகள் இருக்கிறார்களா என்று வேலையிடத்தில் கேட்டால் இல்லை என்பேன். ஆர்ச்வே முருகன் கோவிலில் அர்ச்சனைக்கு ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்பார். முன்னால் நிற்கிறவர்கள் வீட்டில் உள்ள அத்தனை பேரையும் அடுக்குவார்கள். நான் என் பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். பக்கத்தில் தெரிந்தவர்கள் நிற்பார்களே. மகளின் நட்சத்திரத்தை மனதுக்குள் சொல்வேன். அந்த நேரம் மாதிரித் தனிமை எனக்கு இந்த அறையில்கூடக் கிடையாது.

மூன்றரைக்கு மகள் எடுத்தாள். அங்கே இருட்டிவிட்டிருந்தது.

"படம் பாத்தியளா?"

"ஓம் பிள்ளை. சரியில்லை. சிரிப்பே வரேல்லை."

"எனக்கும்தான் வரேல்லை."

"பிறகேன் என்னைப் பாக்கச் சொன்னனீ?"

பேனையால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அந்தப் பெடியன் பிள்ளையைப் பூனையெண்டு சொல்லுறான்தானே. நீங்கள் லண்டனிலை என்னை என்னெண்டு சொன்னனீங்கள்?"

லைன் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படி எத்தனையோ தடவை தப்பியிருக்கிறேன். அன்றைக்கு முடியவில்லை. "பிள்ளை இல்லையெண்டு சொன்னனான்," என்றேன்.

"அம்மா சொன்னவ. நீங்கள் சொல்லுவியளோ எண்டு பாத்தனான்."

வயது, ஏஜென்சி, லோயர் என்று எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது ஒரு காரணமாகப் படவில்லை.

"பரவாயில்லை அப்பா," என்றாள். "நானும் அப்பிடித்தான். பள்ளிக்கூடத்திலை கேட்டா, அப்பா சண்டையிலை செத்திட்டார் எண்டு சொல்லுறனான். என்ரை வகுப்பிலை இன்னும் ரெண்டு பேருக்கு அப்பிடித்தான். அதுக்குப் பிறகு ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."

அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். பாடத்தை ஒப்பிப்பது போலச் சொன்னாள், பல வருடமாகச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். பிறகு போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து, என்னை உற்றுப் பார்த்தாள்.

"சாப்பிட்டிட்டியளா அப்பா?"

காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை.

"ஓம் பிள்ளை," என்றேன்.