மூன்றாம் துளையில் சோர்ந்த தீ

அந்த ஆலையில் அவளுக்கு நெருப்புக்கோழி என்று பெயர். ஓர் இடத்தில் நிற்கமாட்டாள். அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், அது அவள் ஜாடையில் வேறு யாரோ. வேலையும் அப்படியே வாய்த்தது. எட்டு மாடி உயரக் கொதிகலன்; சுவரில் ஆறு துளைகள். ஒவ்வொன்றிலும், உள்ளே தண்ணீர் ஓடும் நீளக் குழலை நுழைத்து, தீயிலிருந்து எவ்வளவு கதிர்வெப்பம் சுவர்க்குழாய்களின்மேல் விழுகிறது என்று அளக்கவேண்டும். பதினான்கு வருஷப் பழக்கத்தில், துளையருகே கன்னத்தைக் காட்டியே அளவைச் சொல்லிவிடுவாள். மாமியாரின் கோபம் எத்தனை டிகிரி என்பதையும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்வாள்; பத்து டிகிரிக்கு மேல் பிசகியதில்லை.

குழலின் நுனியில் வெப்பத்தை வாங்கும் ஒரு சிறு கண். அதில் கரி படிந்தால் அளவு குறைவாகக் காட்டும்; படியாமலிருக்க ஓயாமல் காற்று ஊதவேண்டும். அந்த இரைச்சலுக்குச் செத்தவனே எழுந்து, "நிறுத்துங்கப்பா" என்பான்.

அன்று மூன்றாம் துளையில் அளவு கால்வாசி குறைந்திருந்தது. ஃபோர்மேனுக்குப் போனில் சொன்னாள்.

"தீ சோர்ந்துபோச்சும்மா. எண்ணெயைக் கூட்டறேன்," என்றார்.

சொல்லிவிட்டாளே தவிர, கால் தரையில் பாவவில்லை. நாலாம் துளைவரை போனாள், திரும்பினாள், படியில் பாதி இறங்கி மறுபடி ஏறினாள். தீ சோர்ந்திருந்தால் கன்னத்துக்கும் தெரிந்திருக்க வேண்டாமா? வழக்கம்போல்தானே சுட்டது! அப்படியானால் இப்போது கூட்டும் எண்ணெய் குழாய்களைப் பழுக்கவைத்துவிடும். ஒன்று வெடித்தாலும் மேல்தளத்தில் வேலைசெய்யும் நான்கு பேரும் ஆவியில் வெந்துபோவார்கள்.

குழலை வெளியே இழுத்துப் பார்த்தாள். நுனியில் காற்றே இல்லை. கண்ணில் மை அப்பினாற்போல் கரி.

இரண்டாம் துளையை இவள் அளந்து முடித்ததும் அக்கா போன் செய்திருந்தாள். "என்னடி பேய்க்காத்து, ஒண்ணும் காதுல விழலை!" என்று கத்தவும், ஒரு நிமிஷம்தானே என்று காற்றைத் திருகி மூடியவள் இவளேதான். அக்காவின் நிமிஷம் கடிகாரத்தில் அடங்கியதா? பேசி முடித்த பிறகும் அவள் குரலே காதில் இரைந்துகொண்டிருந்ததால், காற்று இரையாதது தெரியவில்லை.

'கருவியில் கோளாறு' என்று சொல்லிவிடலாம். யார் கேட்கப்போகிறார்கள்? ஃபோர்மேனை மறுபடி போனில் பிடித்தபோது அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"அண்ணே, எண்ணெயைக் குறைங்க! நான் சொன்ன அளவு தப்பு."

"மெஷின் மக்கர் பண்ணுதா? சரிபார்த்துட்டு நிதானமா சொல்லு. எண்ணெய் ஓடட்டும்."

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. காத்தை மூடினது நான். போன் பேசறதுக்காக."

மறுமுனையில் வால்வைத் திருகும் சத்தம். பிறகு, "குறைச்சாச்சு. வந்து கவனிச்சுக்கறேன் உன்னை."

நுனியில் அப்பியிருந்த கரியைத் துடைத்து, காற்றைத் திறந்து, குழலை மறுபடி நுழைத்தாள். எண் வழக்கத்தைவிட மேலே ஏறி நின்றது. இறங்குமா? கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். ஆறு நிமிஷம் கழித்து, வேண்டாவெறுப்பாக இறங்கத் தொடங்கியது.

ஃபோர்மேன் மூச்சிரைக்க வந்தபோது, பதிவேட்டில் அந்தத் தப்பு அளவை அடித்துவிட்டுக் காரணத்தை எழுதிக்கொண்டிருந்தாள். அவர் எட்டிப் படித்தார்.

"ஏம்மா, அக்காகூட பேசினதையெல்லாமா எழுதுவாங்க? பெரியவங்க படிப்பாங்களே!"

"படிக்கட்டும் அண்ணே. அந்தத் தப்பு அளவை நம்பி இன்னொருத்தர் தீயைக் கூட்டிடக்கூடாதில்ல?"

அவர் பதிவேட்டை மூடுவதற்குள் அவள் குழலைத் தோளில் சாய்த்துக்கொண்டு நாலாம் துளைக்குப் போய்விட்டாள்.