பாட்லிக்காரரின் இஞ்சி பீர்

தாராவியில் நஜிமுதீன் வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். பாட்லிக்காரர், அதாவது குப்பிக்காரர், வீடு என்றால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். மாதுங்காவில் ஒரு வீட்டில் குப்பி காலியானால் இங்கே அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். எத்தனையோ வருடமாகக் காலிக் குப்பி வாங்கிக் கழுவி விற்ற மனிதர், ஒரு குப்பியைக்கூடத் தானாக நிரப்பியதில்லை. அது அவருக்குப் பெரிய குறை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்காம் வருடம் அந்தக் குறைக்கு வழி பிறந்தது. குப்பி விற்க வந்த கப்பல் சமையல்காரன் ஒருவன் இஞ்சி பீர் பக்குவம் சொல்லிக் கொடுத்தான். இஞ்சிச் சாறு, சர்க்கரை, எலுமிச்சை, பேக்கரி ஈஸ்ட் ஒரு சிட்டிகை. அடைத்து வைத்தால் தானே பொங்கும். போதை ஏறும் முன் குடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

நஜிமுதீனுக்குத் தலைகால் புரியவில்லை. மகள் மெஹராஜைத் தம் மகனுக்குப் பெண் கேட்டு அம்பர்நாத்திலிருந்து கரீம் பாட்சா வருகிற ஞாயிற்றுக்கிழமை வரப்போகிறார். அவருக்கு வெறும் சர்பத்தா கொடுப்பது?

"சைனப், பாட்லி ஷோக்கா இருக்கணும்டி!" என்று மனைவியிடம் துள்ளினார். சரக்கு முழுவதையும் கிளறி, கண்ணாடி மெலிந்த நீல நிற அத்தர்க் குப்பிகளைப் பொறுக்கினார். அழகென்றால் அப்படி ஓர் அழகு. நிரப்பி, தக்கை அடித்து, கம்பி கட்டிக் கட்டிலுக்கடியில் வைத்தார்.

மறுநாள் மத்தியானம் குப்பிகள் வெடித்துக் கட்டிலுக்கடியில் தீபாவளிதான். அந்தச் சந்து முழுவதும் வாசலில் கூடிவிட்டது. மதுவிலக்குக் காலம் வேறு. புளித்த வாசனை பிடித்தவர்கள், "பாட்லிக்காரர் சாராயம் காய்ச்சுதாரு" என்று கிளப்பிவிட்டார்கள். அந்தப் பேச்சு ரயிலேறி அம்பர்நாத்துக்கே போய்விட்டது. மகள் வாழ்க்கையைத் தன் கையாலேயே உடைத்துவிட்டோமோ என்று நஜிமுதீன் பயந்தார்.

"பேசாம சர்பத்தே கலக்கிருவோம்" என்றார்.

"இப்ப ஒளிச்சா சாராயம்னே ஆயிரும். செஞ்சு அவுக முன்னாலயே ஒடைச்சுக் காட்டுங்க" என்றாள் சைனப். "குப்பியில அழகா பாக்கது? கனம் பாருங்க. கோலி சோடாக் குப்பி எங்க?"

"அதுக்குக் கேஸு ஏத்த மிஷின் வேணும்டி."

"எதுக்கு? கவுத்து வைங்க. கோலி தானா வாயில வந்து நிக்கும். உள்ள பொங்குத கேஸு அதைப் பிடிச்சுக்கிடும்."

அடுத்த நிமிடம் நஜிமுதீன் பழைய சோடாக் குப்பி வாங்கச் சாக்கோடு குர்லாவுக்கு ஓடினார். கீறல் விழுந்ததைத் தள்ளி, வாயில் ரப்பர் வளையம் சரியாக இருப்பதை மட்டும் எடுத்தார். நிரப்பியதும் மணல் தொட்டியில் எல்லாவற்றையும் தலைகீழாக நட்டார். மணிக்கொரு தரம் போய்ப் பார்த்தார். எதுவும் வெடிக்கவில்லை. குழந்தைபோலக் கைதட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கரீம் பாட்சா வந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. உட்கார்ந்ததும், "என்னமோ காய்ச்சுதீராமே?" என்றார்.

"ஆமா, இதைத்தான்" என்று நஜிமுதீன் விரலால் கோலியை அழுத்தினார். டப்பென்று ஓசை. நுரை பொங்கி அவர் சட்டையெல்லாம் வழிந்தது. முதல் மிடறைத் தானே குடித்துவிட்டு, இன்னொரு குப்பியை உடைத்துச் சம்பந்தியாக வேண்டியவரிடம் நீட்டினார்.

கரீம் பாட்சா மோந்து பார்த்தார். இஞ்சி. நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு அண்ணாந்து மடமடவென்று குடித்தார். மெஹராஜ் கதவிடுக்கில் நின்றாள்.

குப்பி காலியானது. நஜிமுதீனின் கை பழக்கதோஷத்தில் அதை வாங்கிச் சாக்கில் போட நீண்டது. கரீம் பாட்சா பிடியை விடவில்லை.

"காலிக் குப்பி ஒமக்கு எதுக்கு வே?" என்று ஒரு பெரிய ஏப்பம் விட்டுச் சிரித்தார். "இன்னொண்ணு ஒடைச்சுத் தாரும், சம்பந்தி!"